நிழலும் பொருளும்

பண்டை இஸ்ரவேலரின் ஆசரிப்புக் கூடாரத்தில் ஏழு அகல்களையுடைய பொற்குத்துவிளக்கொன்று இருந்ததென யாத்திராகமம் கூறும். அடித்துருவாக்கிய பசும்பொன், இடித்துப் பிழிந்த ஒலிவ எண்ணெய், மாலைமுதல் விடியும்வரை எரியவேண்டிய சுடர் என அதன் விவரம் மிக நுணுக்கமானது. அதன் உட்பொருளை மட்டும் அந்நூல் உரைக்கவில்லை. உரைகாரருக்கு அம்மௌனமே இடமளித்தது.

கிறிஸ்தவ உரைகாரர் அவ்விளக்கிற் கிறிஸ்துவையும் திருச்சபையையும் கண்டனர். எபிரேயருக்கு எழுதிய நிருபமோ கூடார வழிபாடு முழுவதையுமே வரவிருந்தவற்றின் நிழலென்றது. (கூடாரப் பொருட்களைத் தனித்தனியே விளக்க அந்நிருபம் முற்படவில்லை, பின்வந்தோருக்கு அவ்வடக்கம் இருக்கவில்லை.)

குறியீடு காண்பது தன்னளவிற் குற்றமாகாது. அலெக்சாந்திரிய யூதரான பிலோவும் கி.பி. முதலாம் நூற்றாண்டில் அவ்வேழு சுடர்களை ஏழு கோள்களாகக் கண்டவரே. ஆயின் விளக்கேற்றுவோரின் வழிபாடு முடிவுற்றதென அவர் கூறினாரல்லர். நிழல் என்னுஞ் சொல்லிலோ அம்முடிவு அடங்கியுள்ளது. யூத மரபில் ஊறிய ஒருவர் தம் மரபைப் பற்றி அவ்வாறு எழுதுவது ஒன்று. அம்மரபுக்குப் புறம்பானவர் அதே வாக்கியத்தை அம்மக்களுக்கு எதிராக எடுத்தாள்வது முற்றிலும் வேறொன்று.

கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். கொள்ளையிட்ட குத்துவிளக்கை அவர்கள் சுமந்துசெல்லுங் காட்சி உரோமாபுரியின் தீத்து வளைவிற் செதுக்கப்பட்டுள்ளது. பிற்காலக் கிறிஸ்தவ ஆசிரியர் பலர் அவ்வழிவையே தம் வாதத்துக்குச் சான்றாக்கினர். ஒரு மக்களின் துயரைத் தன் உரைக்கு ஆதாரமாக்கும் உரிமை எவ்வுரைகாரனுக்கு உண்டு? யூதர் கடவுளாற் கைவிடப்பட்டோரெனக் காட்டலாகாதென்று கத்தோலிக்கத் திருச்சபை 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்திலேதான் அறிவித்தது. யூத செபக்கூடங்களிலோ, கூடாரத்துச் சுடரின் நினைவாக, அணையாவிளக்கு இன்றும் எரிகின்றது.