மானுக்கு ஏன் நீதி?

திருகோணமலையின் புள்ளிமான்கள் பிரட்றிக் கோட்டைக்குள் மட்டும் மேய்வதில்லை. வீதிக்கும் கடற்கரைக்கும் வருகின்றன. குப்பையில் கிடக்கும் பொலித்தீனையும் தின்கின்றன. அவற்றுக்காக யாராவது பேசினால், "மனிசருக்கே நீதி இல்லாத ஊரில மானுக்கு என்ன நீதி?" என்ற கேள்வி வரும். அதை நான் லேசாக எடுப்பதில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி இந்த ஊர்க் கடற்கரையில்தான் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள்.

ஆனாலும் அந்தக் கேள்வியோடு நான் உடன்படவில்லை. கறுப்பின இறையியலை வகுத்த அமெரிக்கர் ஜேம்ஸ் கோன், கடவுள் ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்கிறார் என்று 1969இல் நூல் எழுதியவர். பின்னாளில் இன்னொன்றையும் சொன்னார்: அடிமைமுறையை உண்டாக்கிய மனப்போக்குதான் விலங்குகளையும் இயற்கையையும் சூறையாடுகிறது; இரண்டையும் சேர்த்தே எதிர்க்க வேண்டும்.

வரலாறு அவர் பக்கம் நிற்கிறது. ஹாகன்பெக் என்ற ஜேர்மானிய விலங்கு வணிகர் இலங்கை மனிதர்களையும் யானைகளையும் ஒன்றாகவே ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார். 1906இல் நியூயோர்க் மிருகக்காட்சிசாலையில் ஒட்டா பெங்கா என்ற கொங்கோ இளைஞரை ஒராங்குட்டானோடு குரங்குக் கூண்டில் நிறுத்தினார்கள். கறுப்பினப் போதகர்கள் போராடி அவரை மீட்டார்கள். ஒராங்குட்டான் கூண்டிலேயே இருந்தது.

ஒரு மனிதரை மிருகமாக்கி வதைப்பவனுக்கு, மிருகத்தை என்னவும் செய்யலாம் என்ற தீர்ப்பு முன்கூட்டியே கையில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு இருக்கும்வரை யாரை வேண்டுமானாலும் அதற்குள் தள்ளலாம். நேற்று ஆபிரிக்கரை, இன்று தமிழரை, நாளை முஸ்லிம்களை. "நாங்கள் என்ன மிருகங்களா?" என்று நாம் கொதிக்கும்போதும் அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொண்டுதான் கொதிக்கிறோம்.

மனிதரின் பாடும் மிருகத்தின் பாடும் பின்னிக் கிடப்பதை இங்கேயும் காணலாம். எங்கள் மாவட்டத்தின் கந்தளாய்ப் பக்கம் யானையும் கமக்காரரும் ஒரே நிலத்தில் நெருக்கப்பட்டிருக்கிறார்கள். 2019இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 400 யானைகள் செத்தன. துவக்கும் மின்கம்பியும் தீனிக்குள் மறைத்துவைக்கும் வாய்வெடியும் அவற்றுள் பலவற்றைக் கொன்றன. நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் மாண்டார்கள். நிலத்தைப் பற்றிய முடிவுகளை எடுத்தவர்களில் ஒருவரும் அங்கே இரவில் காவல் இருக்கவில்லை.

அடுத்த முறை "மிருகம் மாதிரி நடத்தினார்கள்" என்று சொல்ல நேர்ந்தால், மிருகத்தை அப்படி நடத்தலாமா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.