மூலையும் முனையும்

ஆங்கிலத்தில் 'கார்னர்' என்றால் போதும். அறையின் மூலையும் அதுதான், தெருவின் முனையும் அதுதான். போர்ச்சுகீசியத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. உள்ளே இருக்கும் மூலை 'கான்ட்டோ'. இரண்டு தெருக்கள் கூடும் இடத்தில் வெளியே துருத்திக்கொண்டு நிற்பது 'எஸ்கினா'. சுவர்கள் சேரும் இடம் ஒன்றேதான். உள்ளிருந்து பார்த்தால் ஒரு பெயர், வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு பெயர். வகுப்பில் குறும்பு செய்த பையனைக் கான்ட்டோவில் நிறுத்துவார்கள். சிநேகிதனுக்காகக் காத்திருப்பவன் எஸ்கினாவில் நிற்பான். ஓர் ஆங்கிலக் கதையில் 'அந்தக் கார்னர் இருட்டாக இருந்தது' என்று மட்டும் வந்தால், ரியோவிலோ லிஸ்பனிலோ உட்கார்ந்து அதைப் பெயர்ப்பவரின் கை அங்கேயே நின்றுவிடும். தலைக்கு மேலே கூரையா, வானமா? அது தெரியாமல் அடுத்த சொல்லுக்குப் போக முடியாது. எழுதியவருக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

போர்ச்சுகீசியம் என்றதும் பலரும் 'சௌதாதி'யைப் பிடித்துக்கொள்வார்கள். ஏக்கமும் நினைவும் கலந்த அந்தச் சொல்லை வேறெந்த மொழியிலும் பெயர்க்க முடியாது என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. பெயர்க்க முடியாதது என்று பேர் வாங்கிவிட்ட சொல்லின் முன் எந்த மொழிபெயர்ப்பாளரும் விழிப்பாகத்தான் இருப்பார். அவரை இடறிவிடுவது எதிர்த் திசையில் வரும் சின்னஞ்சிறு சொற்கள்: யூ, கீ, ஃப்ரீ, பிளே, ரன். குழந்தை விளையாடினால் 'பிரிங்கார்', பந்து விளையாடினால் 'ஜொகார்', கிதார் வாசித்தால் 'டொக்கார்'. ஆங்கிலத்தில் மூன்றும் பிளே. மூக்கு ஒழுகினாலும், காலுறையில் இழை பிரிந்து ஓடினாலும், ஒருவர் தேர்தலில் நின்றாலும், கடை நடத்தினாலும் ஆங்கிலத்தில் ரன். போர்ச்சுகீசியத்தில் நான்குக்கும் நான்கு வினைகள். இதெல்லாம் அகராதி வேலை, பொறுமை இருந்தால் முடிந்துவிடும்.

அகராதியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மொழியிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1855இல் பாரிஸில் போர்ச்சுகீசியருக்கான ஆங்கில உரையாடல் கையேடு ஒன்று வெளியானது. அதைச் செய்த பெத்ரு கரொலினோவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு போர்ச்சுகீசிய-பிரெஞ்சு நூலை வைத்துக்கொண்டு, பிரெஞ்சு-ஆங்கில அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் மாற்றினார் என்று கருதப்படுகிறது. விளைந்த ஆங்கிலம் ஆங்கிலேயரை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தது. 1883இல் அமெரிக்கப் பதிப்பு வந்தபோது மார்க் ட்வைனே முன்னுரை எழுதி, இந்த அபத்தத்தை யாராலும் மிஞ்ச முடியாது என்று கொண்டாடினார்.

கரொலினோவின் இடத்தில் பின்னாளில் இயந்திரத்தை உட்கார வைத்தார்கள். 1949இல் வாரன் வீவர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் ஒரு குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டார். ஒரு அட்டையில் ஒரே ஒரு சொல் தெரியும் அளவுக்குத் துளை போட்டுப் புத்தகத்தின் மேல் வைத்துப் பார்த்தால், 'ஃபாஸ்ட்' என்ற சொல் விரைவைக் குறிக்கிறதா, அசையாமல் இருப்பதைக் குறிக்கிறதா என்று சொல்லவே முடியாது. துளையை இருபக்கமும் கொஞ்சம் அகலப்படுத்தினால் அக்கம்பக்கச் சொற்கள் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. போர்ச்சுகீசியத்துக்குப் போகிறவருக்கு ஃபாஸ்ட் இன்னும் ஒரு சுற்று அதிகம், ஏனென்றால் உபவாசத்துக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்.

பதினோரு ஆண்டு கழித்து, 1960இல், யெஹோஷுவா பார்-ஹில்லெல் அந்த நம்பிக்கையில் கை வைத்தார். இயந்திர மொழிபெயர்ப்பையே முழுநேர வேலையாகக் கொண்ட முதல் ஆய்வாளர் அவர். அதனால் இது வெளியாள் சொன்ன குறையல்ல. ஒரு பையன் தன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான். பெட்டி 'பென்'னுக்குள் இருக்கிறது. பென் என்பது பேனா, குழந்தையை விட்டுவைக்கும் தடுப்புக் கூண்டும் பென். பேனாவுக்குள் பெட்டி கொள்ளாது என்பது எந்தச் சொல்லிலும் எழுதியில்லை. பேனாவும் பெட்டியும் எவ்வளவு பெரியவை என்று உலகத்தில் வாழ்ந்து பார்த்தவருக்குத் தெரியும், இயந்திரத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பேனா போர்ச்சுகீசியத்தில் 'கனெட்டா'. கூண்டைப் பிரேசில் வீடுகளில் செல்லமாக 'ஷிகெய்ரிஞ்யோ' என்பார்கள், குட்டிப் பன்றித்தொழுவம் என்று பொருள். பிள்ளை பெற்றவர்கள் வைத்த பெயர் என்று கேட்டாலே தெரிகிறது.

இன்றைய இயந்திரங்கள் இந்தப் பரீட்சையில் பெரும்பாலும் தேறிவிடுகின்றன. வீவர் கேட்ட துளை இன்று பக்கக்கணக்கில் அகன்றுவிட்டது. ஆனால் துளையை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் தெரியாதது ஒன்று உண்டு, எழுதப்படாதது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

'நேற்றிரவு ஒரு ஃப்ரெண்டோடு சாப்பிட்டேன்' என்று ஆங்கிலத்தில் ஒருவர் மனைவியிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம். போர்ச்சுகீசியத்தில் 'அமீகோ'வா, 'அமீகா'வா என்பது அந்த ஒரு சொல்லிலேயே வெளிவந்துவிடும். பாலை மறைக்க வேண்டும் என்றால் வாக்கியத்தையே வளைக்க வேண்டும், வளைத்தது காதில் தட்டும். நாம் இந்த விஷயத்தில் ஆங்கிலத்தின் பக்கம். 'நண்பர்' என்று சொல்லிவிடுவோம், 'டாக்டர் வந்தார்' என்போம். மரியாதை என்ற திரைக்குப் பின்னால் ஆணும் பெண்ணும் ஒன்றுபோல உட்கார்ந்துகொள்ளலாம். மருத்துவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இயந்திரத்திடம் கொடுத்தால் அது நெடுங்காலம் ஆணாகவே பெயர்த்தது, செவிலியைப் பெண்ணாகவே பெயர்த்தது. தெரியாததைக் கேட்க அதற்கு வாயில்லை. உலகம் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவைத்தது. 2018 டிசம்பரில்தான் கூகுள், போர்ச்சுகீசியம் உள்ளிட்ட சில மொழிகளில் இப்படிப்பட்ட தனிச்சொற்களுக்கு ஆண்பால் பெண்பால் இரண்டையும் காட்டத் தொடங்கியது. எனக்குத் தெரியவில்லை, நீங்களே சொல்லுங்கள் என்பதுதான் அதன் பொருள். இயந்திரத்துக்கு வந்த முதல் அடக்கம் என்று அதைச் சொல்லலாம்.

மொழியியலாளர் ரோமன் யாகோப்சன் 1959இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத் துல்லியமாகத் தொட்டுவிட்டார். எந்த மொழியிலும் எதையும் சொல்லிவிடலாம். மொழிகள் வேறுபடுவது எதைச் சொல்லாமல் விட முடியாது என்பதில்தான் என்பது அவர் கருத்து. மொழிபெயர்ப்பு பற்றி நான் படித்தவற்றில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. ஏனென்றால் இதற்குப் பிறகு 'பல பொருள் ஒரு சொல்' என்ற பேச்சே கொஞ்சம் நிறம் மாறிவிடுகிறது. கார்னர் என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்கப்பட்டிருக்கவில்லை. அதைச் சொல்பவர் ஒன்றைத்தான் சொல்கிறார், முழுதாகச் சொல்கிறார். எல்லையைத் தாண்டும்போது அந்தப் பக்கத்துச் சுங்கக்காரர் பெட்டியைத் திறந்து 'இது எது?' என்று கேட்கிறாரே, அப்போதுதான் ஒன்று இரண்டாகிறது.

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாகக் கேட்கப்படும் இடம் 'யூ'. நீ, நீங்கள் என்று வளர்ந்த நமக்கு இதன் கனம் தெரியும். ஆனால் போர்ச்சுகீசியம் நம்மையும் திணற அடிக்கும். 'தூ' இருக்கிறது, நெருக்கத்துக்கு. 'வொசே' இருக்கிறது, 'வொஸ்ஸா மெர்சே', அதாவது தங்கள் அருள், என்ற பெருந்தொடர் பல நூற்றாண்டு வாய்களில் தேய்ந்து இரண்டு அசையாகிவிட்ட மிச்சம். பிரேசிலின் பெரும்பகுதியில் அது யாரிடமும் சொல்லக்கூடிய சாதாரணச் சொல். போர்ச்சுகலிலோ அதையே முகத்துக்கு நேரே சொன்னால் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். அங்கே பெயரையே படர்க்கையில் சொல்லிக் கேட்பார்கள்; சுந்தரத்தைப் பார்த்தே 'சுந்தரம் காபி குடிக்கிறாரா?' என்று கேட்கும் கணக்கில். அதற்கும் மேலே 'சென்யோர்', 'சென்யோரா'.

இப்போது ஓர் ஆங்கில நாவலை எண்ணிக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகம், ஒரு மேலதிகாரி, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். முதல் பக்கத்திலும் யூ, முந்நூறாம் பக்கத்திலும் யூ. நடுவில் அவர்கள் காதலர்கள் ஆகிவிடுகிறார்கள். போர்ச்சுகீசிய மொழிபெயர்ப்பாளர் முதல் பக்கத்தில் 'சென்யோர்' என்று அவளைச் சொல்லவைத்தால், ஏதோ ஒரு பக்கத்தில், ஏதோ ஒரு வரியில், அது உதிர்ந்தாக வேண்டும். எந்த வரியில்? முத்தத்துக்கு முன்பா, பின்பா? அவள் முதலில் மாறுகிறாளா, அவனா? மாறியதை இன்னொருவர் கவனிக்கிறாரா? மூலத்தில் நடக்கவே நடக்காத ஒரு நிகழ்ச்சியை மொழிபெயர்ப்பாளர் தேதி குறித்து நடத்திவைக்கிறார். விசுவாசம் என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. நடத்தாமல் விட்டால் அந்தக் காதல் போர்ச்சுகீசியத்தில் நம்பும்படி இருக்காது.

இருப்பதைச் சொல்வதிலும் இதே கதி. அவள் சோகமாக இருக்கிறாள் என்பதை ஆங்கிலம் ஒரே 'இஸ்'ஸில் சொல்லும். போர்ச்சுகீசியத்தில் 'செர்' போட்டால் அவள் இயல்பே சோகம். 'எஸ்டார்' போட்டால் இன்று, இப்போது. செர் நிலையானது, எஸ்டார் தற்காலிகம் என்று பாடப்புத்தகங்கள் சுலபமாகச் சொல்லிவிடும். ஆனால் இறந்தவரைச் சொல்லும்போது போர்ச்சுகீசியர் போடுவது எஸ்டார். மரணத்தைவிட நிலையானது எது என்று மாணவர்கள் கேட்பார்கள். எவ்வளவு நாள் நீடிக்கிறது என்பதல்ல கணக்கு. முன்பு வேறாக இருந்தவர் இப்படி ஆகிவிட்டார் என்பதே கணக்கு. அப்படியானால் சோகமாக இருக்கும் அந்தப் பெண்ணைப் பெயர்ப்பவர் அவள் முன்பு எப்படி இருந்தாள் என்று தெரிந்துகொண்டாக வேண்டும். ஓர் எளிய வினைச்சொல் அவரை அவளுடைய கடந்த காலத்துக்குள் அனுப்பிவிடுகிறது.

ஆங்கிலம் தன் மௌனத்துக்கு விலை கொடுத்த இடமும் உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கியபோது 'ஃப்ரீ' என்று பெயரிட்டார். சுதந்திரம் என்றார், கேட்டவர்கள் இலவசம் என்று புரிந்துகொண்டார்கள். அன்றிலிருந்து அவர் அதை விளக்கிக்கொண்டே இருக்கிறார். ஆங்கிலம் பேசுபவர்களே கடைசியில் 'லிப்ரே' என்று ரோமானிய மொழிகளில் கடன் வாங்கி ஒட்டிக்கொண்டார்கள். 2000இல் பிரேசிலின் போர்ட்டு அலெக்ரி நகரில் கட்டற்ற மென்பொருள் மாநாடு தொடங்கியபோது அதன் பெயரில் 'லிவ்ரி' என்ற சொல் இருந்தது. 'கிராட்டிஸ்' வேறு, லிவ்ரி வேறு. யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்காகப் போர்ச்சுகீசியம் துல்லியமான மொழி, ஆங்கிலம் மங்கலான மொழி என்று முடிவு கட்டிவிட முடியாது. திசையைத் திருப்பினால் போதும். நம் வீட்டுச் சாவி போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற 'ஷாவி'. நாம் பூட்டைத் திறப்பதை மட்டும் எடுத்துக்கொண்டோம். அவர்களுக்கு ஸ்பேனரும் ஷாவிதான், ஸ்க்ரூடிரைவரும் ஒரு வகை ஷாவிதான். திருகி முறுக்கும் ஸ்பேனர் ஒன்றுக்கு 'ஆங்கிலச் சாவி' என்றே பெயர். ஆங்கிலத்தின் கீயோ இன்னொரு பக்கம் பிரிகிறது: கணினி விசைப்பலகையில் இருப்பது 'டெக்லா', தேர்வுக்கான விடைக்குறிப்பு பிரேசிலில் 'கபரீட்டோ'. ஆங்கிலம் மனச்சாட்சியையும் பிரக்ஞையையும் இரண்டு சொல்லாக்கும். போர்ச்சுகீசியத்தில் இரண்டும் 'கொன்ஸியென்சியா'. அடிமைமுறையை எதிர்த்துப் போராடி 1695இல் கொல்லப்பட்ட ஸும்பியின் நினைவாக நவம்பர் 20ஐப் பிரேசில் கறுப்பினக் 'கொன்ஸியென்சியா' நாளாகக் கொண்டாடுகிறது. ஆங்கிலத்தில் எழுதுபவர் விழிப்புணர்வு என்ற பக்கத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். அடிமை வணிகம் செய்த நாட்டின் மனச்சாட்சி என்ற மறுபக்கம் ஆங்கிலத்தில் கேட்காமல் போகிறது. போர்ச்சுகீசியக் காதில் அது இருக்கிறதா என்றால், யாரும் கேட்காதவரை இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'எஸ்பெரார்'. காத்திருப்பதும் அதுதான், நம்புவதும் அதுதான், எதிர்பார்ப்பதும் அதுதான். பஸ்ஸுக்கு எஸ்பெரார், மழைக்கு எஸ்பெரார். பிள்ளை உண்டாகியிருப்பவள் பிள்ளையை எஸ்பெரார் செய்கிறாள். மருத்துவமனை நடைவழியில் உட்கார்ந்திருப்பவளை இந்தச் சொல்லால் போர்ச்சுகீசியத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகலாம். ஆங்கிலத்துக்குப் போகும்போது இவள் காத்திருக்கிறாளா, நம்பிக்கொண்டிருக்கிறாளா என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று அவளிடமே போய்க் கேட்டாலும் சொல்ல மாட்டாள், அந்தக் கோட்டை அவள் வாழ்க்கை போடவில்லை.

1887இல் வார்சாவில் ஸாமன்ஹாஃப் என்ற கண் மருத்துவர், எல்லா மக்களுக்கும் பொதுவாக, குழப்பமில்லாத ஒரு மொழியைச் செய்து வெளியிட்டார். நூலில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் டாக்டர் எஸ்பெரான்டோ, நம்புகிறவர் என்று பொருள். அதுவே மொழியின் பெயராகிவிட்டது. அந்த மொழியில் அவர் நம்புவதற்கு ஒரு வினை, காத்திருப்பதற்கு வேறொரு வினை என்று கவனமாகப் பிரித்தும் வைத்தார். ஆனால் பெயரைக் கேட்கும் பிரேசில்காரரின் காதில் இரண்டும் சேர்ந்தே விழும்: நம்புகிறவர், காத்துக்கொண்டிருக்கிறவர். உலகம் இன்னும் அந்த மொழிக்கு வந்து சேராத நிலையில், போர்ச்சுகீசியக் காது கேட்டதில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை.