வீட்டில் ஒரு போனா, இரண்டா?



ஒரகடத்திற்கு இரவு ஷிப்ட் போகிறவர், வீட்டிலிருக்கும் ஒரே போனையும் கொண்டுபோய்விடுகிறார். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், மனைவி 108-ஐ எதில் அழைப்பார்? 2023 செப்டம்பர் 15-ல் நம் காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் விழுவது அவர் கணக்கில்; குறுஞ்செய்தி வருவதோ உங்கள் சட்டைப்பையில்! பெண்ணின் சம்பாத்தியம் பெண்ணுக்குரியது என்பது குர்ஆன் (4:32) தரும் பாடம்.

இந்த வீட்டில் இரண்டாவது போன் ஆடம்பரமல்ல, தேவை. ஆனால் வட்டித் தவணையில் வாங்காதீர்கள்; கையிலுள்ள காசுக்கு எளிய போன் போதும்.

வாங்கிய பின் ஒருவர் போனை மற்றவர் துருவாதீர்கள். அல்லாஹ் தடுத்திருக்கிறான் (49:12). மறைக்க வேண்டிய தொடர்பும் இருவருக்கும் வேண்டாம். தம்பதியரை ஒருவருக்கொருவர் ஆடை என்கிறான் ரப்புல் ஆலமீன் (2:187). ஆடை மானத்தைக் காக்கும், வேவு பார்க்காது.

அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.