கண்ணுக்கு எட்டியது

அமெரிக்காவில் பென்சில்வேனியா ராஜ்யத்து ஓக் காடுகளில் இலையுதிர் காலம் என்றால் அணில் வேட்டைக் காலம். நம் வீட்டுக் கொல்லையில் ஓடும் வரி அணில் அல்ல. அதைவிடப் பெரிய சாம்பல் அணில். வேட்டையாடி, கறி சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அந்த ஊர்க்காரரான நண்பர் ஒருவரோடு நானும் ஒருமுறை போயிருந்தேன்.

முதல் நாள், அவர் தம் .22 ரைஃபிளின் மேல் பொருத்தியிருந்த தூரதிருஷ்டிக் கண்ணாடியைச் சரிபார்த்தார். 50 கஜத்தில் ஒரு காகிதக் குறி. துப்பாக்கியை மணல் மூட்டைமேல் சாய்த்து மூன்று முறை சுட்டார். மூன்று குண்டுகளும் நெருக்கமாக, புள்ளிக்கு ஓர் அங்குலம் கீழே பட்டிருந்தன.

"ஒரு குண்டை நம்பித் திருகைத் தொடக் கூடாது. பிழை என் கையிலா, கண்ணாடியிலா என்று மூன்று சுட்டால்தான் தெரியும்" என்றார்.

திருகின் ஒரு சொடுக்கு 100 கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும். 50 கஜத்தில் அதில் பாதி. எட்டுச் சொடுக்குத் திருகினார். அடுத்த மூன்றும் புள்ளியிலேயே பட்டன.

"இத்தனை சிரத்தை எதற்கு?" என்று கேட்டேன்.

"குறி தவறிக் காயம்பட்ட அணில் பொந்துக்குள் போய் அணு அணுவாகச் சாகும். அது பாவம்."

கொல்லப் போகிறவருக்குக் கருணை ஒரு கேடா என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். கடையில் ஆட்டுக்கறி நிறுத்து வாங்கும்போது எனக்கு இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை.

மறுநாள் காலை, தொலைவில் ஒரு கிளையில் அணில் தெரிந்தது. நண்பர் கண்ணாடியில் கண் வைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "சுடுங்கள், சுடுங்கள்!" என்று கிசுகிசுத்தேன்.

அவர் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டார்.

"100 கஜம் இருக்கும். 50-க்குச் சரிசெய்த குண்டு அங்கே போவதற்குள் சுமார் ஆறு அங்குலம் இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரிகிறது; கைக்கு எட்டாது."

எனக்கு வெட்கமாக இருந்தது. கருணையைப் பற்றிக் கேள்வி கேட்டவன் நான். சுடச் சொன்னவனும் நான்தான்.

உயிரைக் கொல்வது சரியா என்ற கேள்விக்கு அவர் சிரத்தை விடையாகாது. அந்தக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. ஆனால் அந்தக் கண்ணாடி பொருளைக் கண்ணுக்குத்தான் அருகில் கொண்டுவருகிறது, குண்டுக்கு அல்ல என்பதை அவர் மறக்கவில்லை. நான் மறந்துவிட்டேன். பிறர் வாழ்க்கை நமக்குத் தெளிவாகத் தெரிகிறது என்பதற்காகவே எத்தனை தீர்ப்புகளை எறிந்துவிடுகிறோம்! காயம்பட்டவர்கள் எந்தப் பொந்துக்குள் போனார்கள் என்று பார்த்தோமா?