கைகட்டி நிற்பதும் கடமையாகுமா?

கைக்குழந்தைக்கு மூச்சிரைக்கிறது, நெஞ்சிலே சளி கறகறக்கிறது. இந்நிலையில் "பொறுத்திருங்கள்" என்று மட்டும் சொல்லும் வைத்தியரை எந்தத் தாய்தான் நம்புவாள்? ஊசியோ மருந்தோ தராது அனுப்பிவிட்டால், "பிள்ளையைப் பார்க்கவேயில்லை" என்றல்லவா குறைபடுகிறோம்! ஒன்றும் செய்யாதிருப்பது அன்பின்மையா? பிரான்ஸ் நாட்டின் அனுபவமொன்று இங்கு சிந்திக்கத்தக்கது.

அங்கே குளிர்காலந்தோறும் இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளை, வைரஸ் கிருமியால் வரும் நுண்சுவாசக்குழாய் அழற்சி பீடிக்கும். நெஞ்சையும் வயிற்றையும் கைகளால் அழுத்தி, மூச்சை நீட்டி வெளியேறச் செய்து, இருமலைத் தூண்டிச் சளியை அகற்றும் இயன்மருத்துவ முறையே நெடுங்காலம் வழக்கிலிருந்தது. 2000ஆம் ஆண்டில் கூடிய மருத்துவ மாநாடும் அதனை ஏற்றது. குழந்தை வீரிட்டழும், சளி வெளிவரும், பெற்றார் நிம்மதியடைவர்.

எம்மவர் பலர் குடியேறியுள்ள பாரிஸ் பகுதியில், 7 வைத்தியசாலைகளில் 496 குழந்தைகளிடம் இதனைச் சோதித்தனர். ஒரு பகுதியினருக்கு இந்தச் சிகிச்சை. ஏனையோருக்கு மூக்குச் சளியை உறிஞ்சியெடுத்தல் மாத்திரம். எக்குழந்தைக்கு எது என்பது பெற்றாருக்குத் தெரியாது. 2010இல் முடிவு வெளியாயிற்று. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே காலத்திலேயே தேறினர். அழுத்தப்பட்ட குழந்தைகளிடையே வாந்தியும், சிகிச்சைவேளையில் மூச்சுத் தடுமாற்றமும் கூடுதலாயிருந்தன. 2019இல் பிரான்சின் சுகாதார உயர் அதிகாரசபையும் இம்முறையைக் கைவிட்டது. நுண்ணிய குழாய்களின் உட்சுவர் வீங்குவதும் இந்நோயின் கோளாறுதானே. கையால் அழுத்தி வீக்கத்தை வற்றச்செய்ய முடியுமா? (தடித்த சளி சுரக்கும் வேறு சில நோயாளருக்கு இதே கலை உதவுவதுண்டு. பழி கலைக்கல்ல.)

அப்படியானால் அந்தக் கைகள் எவருக்காக உழைத்தன? அழுதது குழந்தை, ஆறுதல் பெற்றது பெரியவர்கள். பெற்றாரின் ஆறுதலும் ஒரு நன்மைதானே எனலாம். ஆனால் அதன் விலையைக் கொடுத்தது, வேண்டாமென்று சொல்ல வாயில்லாத சிசு.

இதனிலும் வலுவான வாதமொன்று உண்டு. இயன்மருத்துவர் அடிக்கடி வந்து குழந்தையைக் கண்டார்; நிலை மோசமாவதை நேரத்தோடு அறிந்தார்; மூக்கைச் சுத்தஞ்செய்யத் தாய்க்குக் கற்பித்தார் என்பர். மெய்தான். ஆனால் இங்கு நன்மை செய்தது அவரது வருகையேயன்றி அழுத்தமன்று. அழுத்துவதோடு வருகையையும் நிறுத்திவிட்டால் இருந்த நன்மையும் பறிபோகும்.

"பொறுத்திருங்கள்" என்பது சொல்லச் சுலபம், பொறுத்திருப்பவள் தாய். சிறிது சிறிதாகப் பாலூட்டவேண்டும், மூக்கடைப்பை நீக்கவேண்டும், இரவெல்லாம் மூச்சைக் கவனிக்கவேண்டும். இருமலோ மூன்று வாரம்வரை நீடிக்கலாம். வழக்கமான பாலில் பாதியேனும் குடியாவிட்டால், விலா ஆழமாக உட்குழிந்தால், இடைக்கிடை மூச்சு நின்றால், உதடு நீலம்பாரித்தால் உடனே வைத்தியசாலைக்கு விரையவேண்டும். இவற்றை அவளுக்கு விளக்கப் பத்து நிமிடம் செலவிடாத வைத்தியர், வீண் சிகிச்சையைத் தவிர்த்தேன் என்று பெருமைகொள்ள முடியாது. பகலில் வேலைக்குச் செல்லும் தாயானால், அந்த இரவுகளில் அவளுக்குத் துணை யாரென்று கேட்கவேண்டியவரும் அவரே.