வளைய வேண்டிய கோடு எது?

எண்களை இணைக்கும் கட்டப் புதிரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஒவ்வோர் எண்ணும் இருமுறை இடப்பட்டிருக்கும். 1ஐ 1உடனும் 2ஐ 2உடனும் கோட்டினால் இணைக்க வேண்டும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டலாகாது. அமெரிக்கரான சாம் லொயிட் 1897இல் இத்தகைய புதிரொன்றைப் புரூக்ளின் நகரப் பத்திரிகையில் வெளியிட்டார். ஆங்கிலேயரான ஹென்றி டியூடெனியின் 1917ஆம் ஆண்டு நூலிலும் ஒன்று உண்டு. பின்னர் யப்பானின் நிக்கோலி சஞ்சிகை இதனைப் பரப்பியது. இன்று பிள்ளைகள் கைத்தொலைபேசியிலும் இதனை விளையாடுகின்றனர்.

புதிதாக இதில் இறங்குபவர் செய்யும் பிழை ஒன்றுண்டு. இடது ஓரத்தில் ஒரு 1, வலது ஓரத்தில் மற்றது. நடுவே வழி திறந்திருக்கிறது. உடனே நேர்கோடு இழுத்துவிடுகிறோம். ஆனால் அக்கோட்டுக்கு மேலே ஒரு 2, கீழே ஒரு 2. கோடு அவற்றுக்கிடையே சுவராகிவிடுகிறது. அதை அழித்து, மேலேயுள்ள 2ஐச் சுற்றி 1ஐ அனுப்பினால்தான் இரண்டுக்கும் வழி பிறக்கும்.

‘விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை’ என்பதற்கு இதுவே சான்று என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். புதிரில் ஒன்றில் 1 வளைந்தால் அடுத்ததில் 2 வளையும். வளைந்த கோடும் தன் முடிவை அடைந்தே தீரும். பாதியில் நிற்கும் கோடு விடையாகாது.

நம் வீடுகளில் அப்படியா நடக்கிறது? தம்பிமாரின் படிப்புக்காக மூத்தவள் பள்ளிக்கூடத்தை விடுகிறாள். தாய் நோயுற்றால் அவளே பக்கத்தில் நிற்கிறாள். தங்கையின் திருமணத்துக்காக அவள் நகை போகிறது. அதனைத் தியாகம் என்று புகழ்கிறோம். அவளுடைய கோடு எங்கே போய்ச் சேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை.

விட்டுக்கொடுத்தல் நற்குணமே, ஐயமில்லை. ஆயினும், ஒருவர் தாமாக வளைவது வேறு. எப்போதும் ஒருவரையே வளைப்பது வேறு. முன்னையது அன்பு, பின்னையது அநீதி. அநீதிக்குத் தியாகம் என்று பெயரிட்டால், வளைந்தவருக்கு முறையிடும் உரிமைகூட இல்லாமற் போகிறது.

இன்றிரவு எல்லோரும் உணவுக்கு அமரும்போது எண்ணிப் பாருங்கள். இந்த வீட்டில் நேராகச் சென்ற கோடு யாருடையது? வளைந்தே வந்தது யாருடையது? நேர்கோடு உங்களுடையதாயின், அழிறப்பரை எடுக்க வேண்டியவர் நீங்களே. கடந்துபோன ஆண்டுகளைத் திருப்பித்தர முடியாதுதான். ஆனால், “உனக்கு என்ன ஆசை இருந்தது?” என்று இன்றாவது கேட்கலாம் அல்லவா?