தெற்கு நோக்கிய முகம்

வெள்ளி, மாலை

பலாலியில் ஏறிய ஒரு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கிவிட்டோம். 2025 மார்ச் இறுதியில் இந்த விமான சேவை தொடங்கும்வரை, யாழ்ப்பாணத்தவர் இங்கே வரக் கொழும்பையோ சென்னையையோ சுற்ற வேண்டியிருந்தது. நாங்கள் நால்வர், ஒரே பள்ளியில் படித்தவர்கள். கடவுச்சீட்டில் முத்திரை விழுகிறது. வெளியே வந்தால் ஆட்டோக்காரர், "வாங்கக்கா, எங்க போகணும்?" என்கிறார். வெளிநாடுதான். ஆனால் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம்.

எங்கள் பெற்றோருக்கு இந்த ஊர் குரலாகத்தான் அறிமுகம். 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி பாக்குநீரிணையைக் கடந்து எங்கள் வீடுகளில் கேட்டது. நாதஸ்வரக் கச்சேரி என்றால் அம்மா அடுப்படி வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருவார். அவர் காதால் அறிந்த ஊரை இந்த இரண்டு நாட்களில் நான் கண்ணால் பார்க்கப்போகிறேன்.

சனி, காலை

மலைக்கோட்டை. அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினோம். படிகள் பாறைக்குள் புகுந்து செல்கின்றன. வெளியே கடைத்தெருவின் இரைச்சல். உள்ளே கல்லின் குளிர்ச்சி. வழியில் தாயுமானவர் சந்நிதி. காவிரியில் வெள்ளம் வந்து தாயால் கரை கடக்க முடியாமற்போக, பிள்ளைப்பேற்று வலியில் தவித்த மகளுக்குச் சிவனே தாயாக வந்தார் என்பது தலவரலாறு. அந்த இறைவனின் பெயரைத் தாங்கிய தாயுமான அடிகளின் பாடல்களைச் சைவசமயப் பாடத்துக்காக மனனம் செய்தவர்கள் நாங்கள். அவருடைய ஆசான் மௌனகுரு என்பது சந்நிதியில்தான் நினைவுக்கு வந்தது. நால்வரும் பேச்சை நிறுத்தி அங்கேயே அமர்ந்தோம்.

மேலே மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த குகை. உள்ளே கங்கையைச் சடையில் ஏற்கும் சிவன். அரசன் பொறித்த வடமொழிக் கல்வெட்டு ஓர் உரையாடலைச் சொல்கிறது: தரையில் உள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழர்களின் வளநாட்டையும் காவிரியையும் நான் எப்படிக் காண்பது என்று சிவன் கேட்டாராம், அதற்காகவே மன்னன் இந்த மலையில் இடம் அமைத்தானாம். பார்க்க வேண்டும் என்ற ஆசையைக் கடவுளுக்கே உரியதாக்கி வைத்திருக்கிறார்கள். ஊர் பார்க்க வந்த எங்களுக்கு அதைக் கேட்டதில் பெரிய ஆறுதல்.

உச்சிப் பிள்ளையார் சந்நிதியைச் சுற்றிவந்தால் அந்தக் காட்சி விரிகிறது. காவிரி, அதற்கு அப்பால் தென்னைகள், தென்னைகளுக்கு மேலே திருவரங்கத்துக் கோபுரங்கள். இராமன் தந்த அரங்கநாதரை இலங்கைக்கு எடுத்துச் சென்ற விபீஷணர், நீராடி வரும்வரை ஒரு சிறுவன் கையில் கொடுத்தார். சிறுவன் கீழே வைத்துவிட்டான். பிறகு அசைக்க முடியவில்லை. துரத்திவந்து அவன் தலையில் குட்டினார். அந்தச் சிறுவன்தான் இந்தப் பிள்ளையார் என்கிறது கதை. எங்கள் தீவுக்கு வரவேண்டியவர் ஆற்றின் நடுவே தங்கிவிட்டார்.

சனி, இரவு

தோழியின் பட்டியலில் கல்லணை, முக்கொம்பு, சமயபுரம், தஞ்சாவூர், புடவைக் கடை எல்லாம் இருக்கின்றன. புடவைக் கடைக்கு ஒரு மணி நேரம் கொடுத்தோம். மற்றவற்றை அவளே அடித்துவிட்டாள். திருவானைக்காவில் நெய் தோசை சாப்பிட்டுவிட்டு நேரத்தோடு படுக்கப் போகிறோம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற பதற்றம் நீங்கியதும் சிரிப்பும் பழைய கதைகளும் தாமாக வருகின்றன.

ஞாயிறு, விடியல்

அம்மா மண்டபம் படித்துறை. ஆவணி மாதம், மேட்டூரில் திறந்த நீர் படிகளைத் தொட்டு ஓடுகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஓர் ஆறும் இல்லாத குடாநாட்டுக்காரர் நாங்கள். சுண்ணாம்புக் கல்லுக்கடியில் தேங்கும் மழைநீரைக் கிணற்றில் அள்ளிக் குடித்து வளர்ந்தோம். ஓடும் நீரை இவ்வளவு அருகில் பார்த்துக்கொண்டிருப்பதே எங்களுக்கு ஒரு வழிபாடு. பக்கத்தில் ஒருவர் தந்தைக்குத் திதி கொடுத்துக்கொண்டிருந்தார். பிண்டத்தைக் கரைத்துவிட்டுத் திரும்பியவரின் முகம் தெளிந்திருந்தது.

ஞாயிறு, முற்பகல்

திருவரங்கத்தின் தெற்கு ராஜகோபுரத்தின் கீழ் நிற்கிறோம். 236 அடி. அடித்தளம் மட்டும் எழும்பி, நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்று, 1987இல்தான் முழுமை பெற்றது. தொடங்கியவர்கள் யாரும் முடிவைப் பார்க்கவில்லை.

கோபுரத்தைத் தாண்டினாலும் ஊர்தான். கோலம் போட்ட வாசல்கள், பூக்கடைகள், திண்ணையில் நாளிதழ் படிக்கும் தாத்தா. ஏழு சுற்று மதில்களில் வெளிச்சுற்றுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். மதிலுக்கு மதில் ஓசை குறைகிறது. நடையும் தானாகத் தளர்கிறது. வெங்காயம் உரிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது.

1323இல் டில்லிப் படை இங்கே வந்தபோது உற்சவரான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு அடியார்கள் வெளியேறினார்கள். பல ஊர்களில் அலைந்து, திருப்பதியிலும் தங்கி, 1371இல் அவர் வீடு திரும்பினார். 48 ஆண்டுகள். எங்கள் நால்வரில் மூவர் 1995 அக்டோபர் 30 இரவு, மழையில், போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலம் கடந்தவர்கள். ஒருத்தியின் பையில் வீட்டுச் சாமிப்படம் இருந்தது. அதைப் பற்றி இதுவரை எங்களிடமும் சொன்னதில்லை; இன்று பிராகாரத்தில் நடந்துகொண்டே சொன்னாள். தெய்வமும் இடம்பெயர்ந்திருக்கிறது என்று அறிந்த இடத்தில் அவளுக்குச் சொல்ல வாய்த்தது.

சந்நிதியில் சில நொடிகள்தான். மேற்கே தலை, கிழக்கே திருவடி, முகம் தெற்கே. எடுத்துச் செல்ல முடியாமல் அழுத விபீஷணருக்காக இலங்கையை நோக்கியே பள்ளிகொண்டிருப்பதாக நம்பிக்கை. அந்த விபீஷணருக்கு எங்கள் நாட்டில், களனி விகாரையில், இன்றும் கோயில் உண்டு. கொண்டுபோவதற்கென்று வந்தவருக்குக் கிடைத்தது ஒரு பார்வை. அது போதும் என்று அவர் ஊர் திரும்பினார். பயணத்தில் நமக்குக் கிடைப்பதும் அவ்வளவே, அது குறைவில்லை.

திங்கள், புறப்படுமுன்

இலங்கையிலிருந்து வரும் நண்பர்களுக்கு: இரண்டு நாளென்றால் மலைக்கோட்டையும் காவிரியும் அரங்கமும் போதும். தஞ்சைக்குத் தனியாக இன்னொரு முறை வாருங்கள். திருவரங்கத்தில் வாகனத்தை ராஜகோபுரத்துக்கு வெளியே விட்டுவிட்டு, வீதி வீதியாக நடந்து உள்ளே செல்லுங்கள். நெடுநாள் பழகியவர்களோடு வாருங்கள். அவர்கள் பேச்சை நிறுத்தும் இடங்களில் நீங்களும் நின்றுவிடுங்கள்.